பாரிசுக்குப் போகிறவர்கள் முதலில் பின்கோடைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழில் 'பத்து நாளில் ஆறு நாடு' என்று ஐரோப்பியப் பயணம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அழகாக இருந்தன. ஆனால் படித்து முடித்ததும் மனசு கேட்கவில்லை. அதே மாதிரி ஒரு பயணத்துக்கு 2018இல் பணம் கட்டிப் போய், பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் திரும்பி வந்தவன் நான். பிறகு 2025 மே மாதக் கடைசியில் நானும் மனைவியும் என் அக்காவும் பாரிஸ் என்ற ஒரே ஊருக்கு ஒரு வாரம் போய் வந்தோம். நாளைக்குப் போகப்போகும் யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொண்டு பிரசுரிக்க வேண்டும்.

நான் புதுச்சேரி முத்தியால்பேட்டைக்காரன். முப்பத்தாறு வருஷம் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் பாதிக்கு மேல் சார்ட்டிங்கில் நின்றவன். கடிதத்தில் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் என் கண் பின்கோடுக்குத்தான் போகும். 605001 என்றால் தலைமைத் தபால் நிலையம், 605003 என்றால் எங்கள் பேட்டை. இந்தப் பழக்கம்தான் 2018இல் நடந்ததை எனக்குக் காட்டிக் கொடுத்தது.

அந்தப் பயணத்துக்கு ஆளுக்கு 1,70,000 ரூபாய். ஏற்பாடு செய்தவர்கள் கொடுத்த தாளில் 'பாரிஸ், 2 இரவு, நட்சத்திர ஓட்டல்' என்று இருந்தது. பஸ்ஸில் வந்து இறங்கும்போது ராத்திரி மணி பத்து. அறையில் மேசை மேல் ஓட்டலின் பெயர் அச்சிட்ட தாள் ஒன்று இருந்தது. எடுத்துப் பார்த்தேன். முகவரியில் பின்கோடு 95 என்று தொடங்கியது. பாரிசின் பின்கோடு 75 என்று தொடங்கும். 75001 முதல் 75020 வரை. அந்த ஊர் இருபது வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது. கடைசி இரண்டு எண்தான் வட்டார எண். நடுவில் லூவ்ர் அருங்காட்சியகம் இருக்கும் இடம் முதல் வட்டாரம். அங்கிருந்து நத்தை ஓட்டின் வரி மாதிரி சுற்றிச் சுற்றி வெளியே வந்து இருபதில் முடியும். 95 என்பது வேறே மாவட்டம், விமான நிலையத்துப் பக்கம். எங்களைப் பாரிசில் தங்க வைப்பதாகச் சொல்லி, புதுச்சேரி என்று சொல்லி ஊருக்கு வெளியே வில்லியனூர் தாண்டி எங்கோ தங்க வைத்த மாதிரி வைத்திருந்தார்கள். காலையில் ஊருக்குள் போக ஒன்றேகால் மணி நேரம், திரும்பி வர அதற்கு மேல்.

அது கூடப் பரவாயில்லை. லூவ்ர் அருங்காட்சியகம் எங்களுக்குச் செவ்வாய்க்கிழமை போட்டிருந்தார்கள். லூவ்ருக்குச் செவ்வாய் விடுமுறை. இது ரகசியம் ஒன்றும் இல்லை, உலகத்துக்கே தெரிந்த விஷயம். முற்றத்தில் அந்தக் கண்ணாடிப் பிரமிடைச் சுற்றி இருபது நிமிஷம் நின்று படம் எடுத்துக்கொண்டோம். கேட்டதற்கு, "உள்ள போறதுன்னு நாங்க எங்க சார் போட்டோம்? 'லூவ்ர் காட்சி'ன்னுதான போட்டிருக்கோம்" என்று பதில் வந்தது. தாளை எடுத்துப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. அப்புறம் ஒரு வாசனைத் திரவியக் கடைக்குள் இரண்டு மணி நேரம் விட்டார்கள். அங்கே உட்கார இடம் இல்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற என் மனைவியின் முகம் இன்னும் எனக்கு நினைவில் இருக்கிறது. பிள்ளைகளுக்குக்கூடச் செலவு செய்யாமல் சேர்த்த பணம் அது.

அதனால்தான் சொல்கிறேன். ஆறு நாடு வேண்டாம். ஒரே ஊர் எடுத்துக்கொள்ளுங்கள், ஆறு ஏழு நாள் இருங்கள், நீங்களே திட்டம் போடுங்கள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டும் பொறுமையும் போதும்.

முதலில் விசா. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது பதினைந்து நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். கடைசி நேரத்தில் போனால் ஏப்ரல், மே மாதங்களில் நேர ஒதுக்கீடே கிடைக்காது. நாங்கள் பிப்ரவரியிலேயே கொடுத்துவிட்டோம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. கிடைக்காவிட்டால் அந்தப் பணம் திரும்ப வராது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். பாஸ்போர்ட் பத்து வருஷத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும், திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்ல வேண்டும். இதெல்லாம் விதி. விதியில் இல்லாத ஒன்றும் சொல்கிறேன். விமான டிக்கெட்டை விசா கைக்கு வரும் முன் ரத்து செய்ய முடியாத டிக்கெட்டாக வாங்கிவிடாதீர்கள். சாதாரணமாகப் பதினைந்து நாளில் முடிவு தெரியும். ஆனால் நாற்பத்தைந்து நாள் வரை இழுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் விரல் ரேகையும் முகப் படமும் எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அதனால் இறங்கினதும் வரிசையில் நிற்கக் கொஞ்சம் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

புதுச்சேரியில் பல வீடுகளுக்குப் பிரான்சில் சொந்தக்காரர் இருப்பார். அவர் வீட்டில் தங்குவதானால் ஓட்டல் பதிவு வேண்டாம். அவர் தம் ஊர் மேரிக்கு (நகராட்சி அலுவலகத்துக்கு) போய் 'அத்தெஸ்தாசியோன்' என்ற சான்றை எடுத்து, மூலப் பிரதியை நமக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். 2025இல் அதற்கு 30 யூரோ முத்திரை வரி. மேரி அந்தத் தாளைக் கொடுக்கச் சில வாரம்கூட ஆகலாம். முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

நாங்கள் அப்படித் தங்கவில்லை. என் சித்தப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த 1962இல், யார் எந்தக் குடியுரிமை என்று எழுதிக் கொடுக்கச் சொன்னபோது பிரெஞ்சு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர். அவர் பிள்ளைகள் சார்செல் என்ற புறநகரில் இருக்கிறார்கள். அதுவும் 95தான். "வீடு இருக்கும்போது ஓட்டலுக்கு எதுக்குண்ணே காசு?" என்று தம்பி கோபித்துக்கொண்டான். பாசத்துக்குக் குறைவில்லை. ஆனால் சொந்தக்காரர் வீட்டில் தங்கியவர்களின் பயணம் எப்படி முடிகிறது என்று நிறையப் பார்த்துவிட்டேன். முதல் நாள் ஒரு வீட்டில் விருந்து, இரண்டாம் நாள் இன்னொரு வீட்டில், மூன்றாம் நாள் ஒரு காதுகுத்து. கடைசி நாள் ஈபிள் கோபுரத்தடியில் ஒரு படம். ஊருக்கு வந்து கேட்டால், "பாரிசா? நம்ம வீட்டு மாதிரியேதான் இருந்துச்சு" என்பார்கள். அவர்கள் பார்த்தது நம்ம வீட்டைத்தான்.

பின்கோடைப் பார்த்துத்தான் ஓட்டலைத் தேர்ந்தெடுத்தேன். 75014. தான்ஃபேர் ரோஷ்ரோ என்ற நிலையத்துக்கு ஐந்து நிமிஷ நடை. ஏன் அந்த இடம் என்றால், ஷார்ல் தெ கோல் விமான நிலையத்தில் ஏறும் 'ஆர்.இ.ஆர். பி' ரயில் நேராக அங்கே வந்து நிற்கிறது, மாற வேண்டாம். மெட்ரோவின் 4ஆம் தடமும் 6ஆம் தடமும் அங்கேதான் சந்திக்கின்றன. பக்கத்திலேயே தகேர் வீதி. ரொட்டிக் கடை, பழக் கடை, பாலாடைக்கட்டிக் கடை என்று வரிசையாக இருக்கிறது. காலையில் நீள ரொட்டி ஒன்று ஒன்றரை யூரோவுக்குள் வாங்கி, அறையில் வைத்திருந்த பூண்டுப் பொடியும் எண்ணெயும் தொட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம்.

அக்காவுக்கு அப்போது எழுபத்தொன்று. முழங்கால் வலி. பாரிசு மெட்ரோவில் படிக்கட்டு மிக அதிகம். பழைய தடங்களில் பெரும்பாலான நிலையங்களுக்கு லிஃப்ட் கிடையாது. 14ஆம் தடத்தில் மட்டும்தான் எல்லா நிலையத்திலும் உண்டு. வயசானவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. அதற்கு வழி பஸ். பஸ்ஸின் தரை தாழ்வாக இருக்கும், ஏறுவது சுலபம், ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஊரையும் பார்த்துக்கொண்டே போகலாம். 38ஆம் எண் பஸ் எங்கள் பக்கத்திலிருந்து லுக்சம்பூர் பூங்கா ஓரமாக வந்து, ஆற்றுத் தீவைக் கடந்து, கார் தூ நோர் ரயில் நிலையம் வரைக்கும் போய் அதற்கு மேலும் போகிறது. 69ஆம் எண் பஸ் ஈபிள் கோபுரப் பக்கமிருந்து லூவ்ரைத் தொட்டு பஸ்தீய் வழியாகப் போகிறது. சுற்றுலாப் பஸ்ஸுக்குக் கொடுக்கும் காசு மிச்சம்.

டிக்கெட் விஷயம் ஒன்று. இதை மட்டும் கத்தரித்து வைத்துக்கொண்டாலும் போதும். 'நவிகோ' என்ற வாரப் பாஸ் திங்களில் தொடங்கி ஞாயிறில் முடியும். திங்கள் முதல் வியாழன் வரை எந்த நாள் வாங்கினாலும் அது அந்த ஞாயிறோடு சரி. வெள்ளி முதல் வாங்கினால் அடுத்த திங்களிலிருந்துதான் செல்லும். வெள்ளிக்கிழமை இறங்கியவர் அதை வாங்கினால் நட்டம். அதனால் நான் விமான டிக்கெட்டையே அதற்குத் தகுந்தபடி எடுத்தேன். 2025 மே 26 திங்கள் காலை இறங்கினோம், ஜூன் 1 ஞாயிறு இரவு ஏறினோம். அப்போது பாஸ் 31.60 யூரோ, அட்டைக்கு 5 யூரோ. விமான நிலையத்துக்குத் தனி டிக்கெட் எடுத்தால் ஒரு முறைக்கு 13 யூரோ, போக வர 26. பாஸில் அது அடங்கிவிடுகிறது. அட்டையோடு கூட்டினாலும் மீதி 10.60 யூரோ. சாதாரண மெட்ரோ டிக்கெட் 2.50. அதாவது நாலு டிக்கெட் காசில் ஏழு நாளும் மெட்ரோ, பஸ், ரயில் எல்லாவற்றிலும் போனோம். அட்டையில் ஒட்ட இரண்டரைக்கு மூன்று சென்டிமீட்டர் போட்டோ வேண்டும். புதுச்சேரி நேரு வீதியில் எடுத்து, அளவாக வெட்டி, பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த பெண் அதைப் பார்த்துச் சிரித்தார். 2026இல் கட்டணம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஆனாலும் கணக்கு அதே கணக்குதான்.

செவ்வாய்க்கிழமை, லூவ்ர் மூடியிருக்கும் அந்த நாளை, நான் வேறு ஒன்றுக்கு வைத்திருந்தேன். அதைப் பற்றித்தான் விரிவாக எழுத ஆசை.

தான்ஃபேரில் 6ஆம் தடத்தில் ஏறினால் எட்டாவது நிலையம் துப்ளெக்ஸ். ஆமாம், நம் கடற்கரைச் சாலையில் சிலையாக நிற்கிற அதே துப்ளெக்ஸ்தான். ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த காலத்துப் பிரெஞ்சுக் கவர்னர். பாதி வழியில் ரயில் சுரங்கத்தை விட்டு மேலே ஏறி, வீட்டு மாடி உயரத்தில் போகிறது. நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் அந்தப் பெயர் வந்து நின்றதும், அக்கா கதவுப் பக்கத்தில் எழுந்து நின்றுகொண்டார். படி இறங்கி, துப்ளெக்ஸ் வீதிக்குப் போய், நோட்டில் நான் வரைந்து வைத்திருந்த படத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தோம். கொஞ்ச தூரத்தில் ஒரு சின்னத் தெரு. திரும்பும் முனையில் சுவரில் பலகை. நீலத் தகடு, பச்சைக் கரை, வெள்ளை எழுத்து. மேலே சின்னதாக 15ஆம் வட்டாரம் என்று எண். கீழே: ரூ தெ போந்திஷேரி.

புதுச்சேரி வீதி. உள்ளே விசேஷமாக ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் அடுக்கு வீடுகள், நிறுத்தி வைத்த ஸ்கூட்டர்கள், ஒரு பெரியவர் நாயோடு போனார். நாங்கள் மூன்று பேரும் அந்தப் பலகையின் கீழே நின்றோம். நம் ஊரிலும் தெருப் பலகை நீலம்தான். ரூ சுஃப்ரேன் என்று பிரெஞ்சில் எழுதி, கூடவே தமிழில் சுய்ப்ரேன் வீதி என்று இருக்கும். இங்கே தமிழ் இல்லை, அவ்வளவுதான். அக்காவுக்குக் கை எட்டவில்லை. எனக்கு எட்டியது. தகட்டைத் தொட்டுப் பார்த்தேன், வெயிலில் சூடாக இருந்தது. "நம்ம ஊர் பேரை இங்க எழுதி வச்சிருக்காங்க. நம்ம ஆளுங்க ஒருத்தர்கூட இங்க வந்து பாக்கறதில்லையே" என்றார் அக்கா. வியாழக்கிழமை அங்கே இயேசு விண்ணேற்ற விழா விடுமுறை. அன்றைக்குச் சார்செலிலிருந்து தம்பி வந்தபோது அவனையும் கூட்டிக்கொண்டு மறுபடி அதே தெருவுக்குப் போனோம். முப்பது வருஷமாக அந்த ஊரில் இருக்கிறான். "இப்படி ஒரு தெரு இருக்கறதே எனக்குத் தெரியாதுண்ணே" என்றான். அவன்தான் நிறையப் படம் எடுத்தான்.

அங்கிருந்து ஈபிள் கோபுரம் நடக்கிற தூரம்தான். கோபுரத்துக்கு முன்னால் இருக்கும் பெரிய புல்வெளியின் ஒரு பக்கச் சாலை சுஃப்ரேன் பெயரில், மறுபக்கச் சாலை லபூர்தொன்னே பெயரில். சுஃப்ரேன் 1783 ஜூன் 20 அன்று நம் கடலூருக்கு எதிரே கடலில் ஆங்கிலேயக் கப்பல்களோடு மோதிய பிரெஞ்சுத் தளபதி. லபூர்தொன்னே 1746இல் சென்னைக் கோட்டையைப் பிடித்தவர். உலகமே வந்து படம் எடுக்கும் இடத்தின் இரண்டு கரையிலும் நம் கடற்கரைக் கதை எழுதியிருக்கிறது. சுற்றுலா பஸ் அந்தச் சாலையில்தான் நிற்கும். யாரும் சொல்ல மாட்டார்கள். கடலூர், புதுச்சேரி வாசகர்களுக்காக இதை நீங்களாவது எழுத வேண்டும். கோபுரத்தில் இரண்டாம் தளம் வரை 674 படி. நான் மட்டும் ஏறினேன். பெண்கள் இருவரும் புல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மே கடைசியில் அங்கே ராத்திரி ஒன்பதுக்கும் வெளிச்சம் இருக்கிறது. அந்த மாதத்தில் போவதற்கு அதுவே பெரிய காரணம்.

லூவ்ரைப் புதனன்று பார்த்தோம். புதனும் வெள்ளியும் ராத்திரி ஒன்பது வரை திறந்திருக்கும். மாலையில் கூட்டம் குறையும். நேரம் குறித்து முன்பதிவு செய்துகொண்டு போக வேண்டும். அப்போது 22 யூரோ. 2026 ஜனவரி 14 முதல் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்கு 32 யூரோ ஆக்கிவிட்டார்கள். நமக்கெல்லாம் அதுதான். முழுவதையும் பார்க்க நினைக்காமல் மூன்று கூடங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஒர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. கர்னவலே என்ற பாரிஸ் நகர வரலாற்று அருங்காட்சியகத்துக்கும் திங்கள்தான் விடுமுறை, ஆனால் அதன் நிரந்தரக் கூடங்களுக்குக் கட்டணமே கிடையாது.

வெள்ளிக்கிழமை காலை நோத்ர் தாம். 2019 ஏப்ரல் 15 அன்று தீப்பிடித்து, ஐந்து வருஷத்துக்கு மேல் பழுது பார்த்து, 2024 டிசம்பரில் திறந்த மாதா கோயில். உள்ளே போகக் காசில்லை, வரிசை நீளம், ஆனால் நகர்ந்துகொண்டே இருக்கும். கல்லெல்லாம் சுத்தம் செய்து வெளுப்பாக இருக்கிறது. வெளியே வந்து பாலம் தாண்டினால் நகராட்சி மாளிகை. அதன் முன்னால் இருக்கும் மைதானத்துக்குப் பழைய பெயர் கிரேவ் திடல். பெண்கள் இருவரையும் நான் அங்கே கூட்டிப்போனதற்குக் காரணம் இருக்கிறது. அக்கா சின்ன வயசில் கான்வென்ட்டுக்குத் தினமும் லல்லி தொலாந்தால் வீதி வழியாகத்தான் நடந்து போவார். அந்த லல்லிதான் 1761 ஜனவரியில் புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்க நேர்ந்த பிரெஞ்சுத் தளபதி. அதற்காகத் துரோகி என்று வழக்குப் போட்டு, 1766 மே 9 அன்று அந்தத் திடலில்தான் அவர் தலையை வெட்டினார்கள். நாங்கள் போனபோது பிள்ளைகள் ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் சொல்லி முடித்ததும் அக்கா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. "அந்தத் தெருவுல வேப்பமரத்தடியில நின்னு எத்தனை நாள் ஐஸ் வாங்கித் தின்னுருக்கேன். அந்தப் பேரு ஒரு மனுஷன் பேருன்னே எனக்கு யாரும் சொல்லலடா" என்றார்.

மதியம் 38ஆம் எண் பஸ்ஸிலேயே லா ஷாப்பெல். ஈழத் தமிழர்களின் கடைத்தெரு அது. தமிழில் பெயர்ப் பலகை, வாழைக்காய், முருங்கைக்காய், இடியாப்பம், எல்லாம் கிடைக்கிறது. மாணிக்க விநாயகர் ஆலயமும் அங்கேதான். கோடைக் கடைசியில் தேர் இழுக்கும்போது சாலை முழுக்கத் தேங்காய் உடைப்பார்களாம். மூன்று பேரும் வயிறு நிறையச் சோறு சாப்பிட்டோம். சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பிரெஞ்சுக் கடையில் உட்கார்ந்ததும் பாட்டில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார்கள். 'கராஃப் தோ' என்று சொன்னால் குழாய்த் தண்ணீரை ஜாடியில் இலவசமாகக் கொண்டு வருவார்கள். தெருவிலும் பச்சை நிறத்தில் வாலஸ் குழாய்கள் இருக்கின்றன, நல்ல குடிநீர். எந்தக் கடைக்குள் போனாலும் முதலில் 'போன்ழூர்' சொல்ல வேண்டும். சொல்லாமல் கேட்டால் அவர்களுக்கு அது மரியாதைக் குறைவு. அக்கா தம் கான்வென்ட் பிரெஞ்சில் 'போன்ழூர் மதாம்' என்று ஆரம்பித்தால் அந்த இடத்தின் முகமே மாறிவிடும்.

சனிக்கிழமை ராத்திரி அந்த ஊர் கால்பந்து அணி ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கோப்பையை முதல் முறையாக ஜெயித்தது. விடியவிடிய ஹாரன் சத்தம், வெடிச் சத்தம். தூக்கம் போனது. இருந்தாலும் ஞாயிறு காலை சீக்கிரம் கிளம்பிவிட்டோம். ஜூன் 1, மாதத்தின் முதல் ஞாயிறு. அன்றைக்குச் சில தேசிய அருங்காட்சியகங்களில் கட்டணம் கிடையாது. நாங்கள் போனது கிமே, ஆசியக் கலைகளுக்கான அருங்காட்சியகம். அங்கே சோழர் காலத்து நடராசர் இருக்கிறார், பதினொன்றாம் நூற்றாண்டுச் செப்புத் திருமேனி. சிதம்பரம் நமக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். ஆனி, மார்கழி என்று வருஷத்துக்கு இரண்டு தடவை போகிறவர் அக்கா. இங்கே பூ இல்லை, விளக்கு இல்லை, மணி இல்லை. தூக்கிய திருவடிக்கு மட்டும் மேலிருந்து வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டார். காவலுக்கு நின்றிருந்த இளைஞர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார். கால் மணி நேரம் அப்படியே நின்றோம். அவசரப்படுத்த யாரும் இல்லை. பஸ் கிளம்புகிறது என்று கொடி ஆட்ட யாரும் இல்லை.

இந்தப் பயணத்துக்கு ஆளுக்கு ஆன செலவு, விமானம், விசா, ஓட்டல், சாப்பாடு எல்லாம் சேர்த்து 1,90,000 ரூபாய்க்குள். யூரோ 95 ரூபாயைத் தாண்டியிருந்த நேரம் அது. ஏழு வருஷ விலையேற்றத்துக்குப் பிறகும் பழைய பயணத்தைவிட 20,000தான் கூடுதல்.

ஆசிரியர் அவர்களிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். வெளிநாட்டு ஊர்களைப் பற்றிக் கட்டுரை போடும்போது, படத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பெட்டி போடுங்கள். எந்த இடம் எந்தக் கிழமை மூடியிருக்கும், முன்பதிவு வேண்டுமா, விசாவுக்கு எத்தனை மாதம் முன்னால் கொடுக்க வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்கள் எதில் ஏறலாம். இன்னொன்று, அதே இணைப்பிதழில் கடைசிப் பக்கத்தில் சுற்றுலா விளம்பரங்கள் வருகின்றன. 'பாரிஸ், 2 இரவு' என்று விளம்பரம் கொடுக்க வருகிறவரிடம் ஓட்டல் முகவரியைப் பின்கோடோடு கேட்டு வாங்கி, அதையும் சேர்த்து அச்சிடுங்கள். 'காட்சி' என்று மட்டும் எழுதியிருந்தால், உள்ளே போவதா, வெளியே நிற்பதா என்று கேட்டு அந்தச் சொல்லையும் போடச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி 605003.